நின்றுபோன சோலார் பம்பும் நம் ஏளனமும்

மலைக்கிராமத்தில் ஓடாமல் நிற்கும் சோலார் பம்பின் காணொளியை நேற்றிலிருந்து பலரும் பகிர்கிறீர்கள். அதன் கீழே "இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான், இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது" என்று படித்தவர்களே எழுதியிருப்பதைப் பார்த்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அரசின் குடிநீர்த் திட்டங்கள் முழு இலவசம் அல்ல. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதிப்படி, ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் மிகுந்த ஊர்களிலும் 5 விழுக்காட்டையும், மற்ற ஊர்களில் 10 விழுக்காட்டையும் மக்களே பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பிறகு குழு அமைத்துப் பராமரிக்கவும் வேண்டும். நகரத்தில் நம் தெருக் குழாய் வறண்டால், குழு அமைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று நம்மிடம் யாராவது சொன்னதுண்டா?

என் தாயின் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. அங்கே வைத்த சோலார் பம்பின் கன்ட்ரோலர், அதாவது பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி கொடுக்கும் பெட்டி, ஒரு மழைக்காலத்து மின்னலில் எரிந்துபோனது. பேனலுக்கும் மோட்டாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மாமா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ஆனால் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அவரைத் தடுத்தார்கள், திறக்க வேண்டியவர்களோ வரவே இல்லை. அதே ஆழ்துளைக் கிணற்றிலிருந்த அடிபம்பை முன்பே கழற்றி எடுத்துப் போயிருந்ததால், பெண்கள் மறுபடியும் குடத்தோடு ஓடைக்கு இறங்கினார்கள். அவர்களைத்தான் பராமரிக்கத் தெரியாதவர்கள் என்கிறீர்கள்.

மகாராஷ்டிரத்தின் பழங்குடிக் கிராமங்களில் ஒரே கிணற்றில் அடிபம்பையும் சோலார் மோட்டாரையும் சேர்த்தே பொருத்தியிருக்கிறார்கள். வானம் மூடினாலும் மோட்டார் பழுதானாலும் கையால் அடித்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அப்படிச் செய்ய எது தடுத்தது?

சூரிய ஒளிக்குச் செலவில்லை என்பதால் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வீர்கள். பாசனப் பம்புகளைப் பற்றியென்றால் அந்தக் கவலை நியாயமானது. தொட்டி நிறைந்ததும் நிறுத்தப்படும் சிறிய குடிநீர் மோட்டார் மீது அதைச் சுமத்துவது நியாயமில்லை.

பேனல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். கன்ட்ரோலரும் மோட்டாரும் அவ்வளவு காலம் வராது. பம்பு வைக்கும் நாளிலேயே அவற்றை மாற்றப் பணம் ஒதுக்கி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதிரிப் பாகங்களை வைத்து, ஊர் இளைஞர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருந்தால் இந்தக் காணொளிக்கே இடமிருந்திருக்காது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் கேட்கிறோம். என் தாய் அந்தப் பின்னூட்டங்களை வாசித்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போனார்.

பகிர்ந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பம்பில் என்ன பழுது, ஊரார் யாரிடம் புகார் கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை விசாரித்து எழுதுங்கள். முடியாதென்றால் அந்தக் காணொளியை நீக்கிவிடுங்கள்.