புகை இல்லாத புகையிலை

"நான் சிகரெட்டே தொடமாட்டேன், வாயில் அடக்கிக்கொள்வதோடு சரி" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பதறுகிறது. புகை இல்லாததால் புற்றுநோயும் வராது என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

புகையிலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதே அதிலுள்ள நிகோட்டினும் அதைச் சேர்ந்த ஆல்கலாய்டுகளும் (தாவரங்களில் உள்ள ஒருவகை வேதிப்பொருட்கள்) நைட்ரோசமைன்கள் என்ற நச்சுப்பொருட்களாக மாறத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் மோசமானவை என்என்என், என்என்கே என்ற இரண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவை இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தீக்குச்சி உரசுவதற்கு வெகுமுன்பே நஞ்சு தயார். கன்னத்தில் அடக்கினால் அது எச்சிலில் கரைந்து, வாயின் மெல்லிய உட்தோலில் மணிக்கணக்கில் ஊறுகிறது. விழுங்கும் எச்சிலோடு உணவுக்குழாய்க்கும் போகிறது.

சரி, பற்றவைத்தால்? புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்சனிக், காட்மியம் என்று புற்றுநோய் உண்டாக்குபவை மட்டும் சுமார் 70. இதில் பென்சோபைரீன் செய்யும் வேலை என்னைத் தூங்கவிடாத ஒன்று. இலை அரைகுறையாக எரியும்போது உருவாகும் இதை வெளியேற்றத்தான் உடல் முயல்கிறது. அதற்காக நம் நொதிகள் அதை மாற்றியமைக்கும்போது, டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் வடிவம் பிறக்கிறது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் பி53 மரபணுவில், நுரையீரல் புற்றுநோயில் எந்த இடங்கள் அதிகம் சிதைந்திருக்குமோ, அதே இடங்களில் இது போய் ஒட்டுவதை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காப்பாற்ற நினைத்த உடலே கத்தியைத் தீட்டிக் கொடுத்ததுபோல.

'லைட்' சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபில்டரில் உள்ள நுண்துளைகளால் சோதனை இயந்திரத்தில் தார், அதாவது புகையிலுள்ள பிசுபிசுப்பான கசடு, குறைவாகத் தெரியும். மனிதர்களோ நிகோட்டின் போதாமல் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள், விரலாலும் உதட்டாலும் அந்தத் துளைகளை மூடிவிடுகிறார்கள்.

விட முடியாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிகோட்டினின் பிடி அப்படிப்பட்டது. ஆனால் புகைப்பதை விட்டு 10 ஆண்டுகள் ஆனால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் தொடர்ந்து புகைப்பவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாகிறது.

அப்புறம், வாயில் அடக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம், ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், எது இருந்தாலும் வலிக்கும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.