டிம் ரீம் பற்றிய ஒரு திருத்தம்

'டிம் ரீம் கல்லூரியிலிருந்து நேராக இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணிக்குப் போனவர். 2022 உலகக் கோப்பைக்கு முன் அமெரிக்க அணி அவரைச் சீந்தியதே இல்லை' என்று அந்த அமெரிக்கக் கால்பந்து வீரரைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் இரண்டு பகுதிகளுமே பிழையானவை.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய அந்தத் தடுப்பாட்டக்காரரை, அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ஸின் 2010ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 18ஆவது இடத்தில் நியூயார்க் ரெட் புல்ஸ் எடுத்தது. அங்கிருந்து 2012 ஜனவரியில் இங்கிலாந்து அணியான போல்டன் வாண்டரர்ஸுக்குச் சென்றார். அந்தப் பருவத்தின் முடிவிலேயே போல்டன் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கிவிட்டதால், அடுத்த மூன்று ஆண்டுகளை அவர் இரண்டாம் நிலை லீக்கில்தான் கழித்தார்; அவரை நிதானமான பந்துப் பரிமாற்றக்காரராக வளர்த்தது பெரும்பாலும் அந்தக் காலமே என்பது என் கணிப்பு. ஃபுல்ஹாம் வந்தது 2015இல்தான். அங்கும் பாதை நேராக இல்லை: 2018, 2020, 2022 என மூன்று முறை அணியோடு பிரீமியர் லீக்குக்கு மேலேறினார், இடையில் இரண்டு முறை கீழிறங்கினார்.

தேசிய அணியிலோ, அவரது முதல் ஆட்டம் 2010 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கேப் டவுனில் நடந்தது. 35 வயதில் கத்தாரில் நான்கு ஆட்டங்களிலும் தொடக்க அணியில் இடம்பெற்றது, பன்னிரண்டு ஆண்டுகளாக அழைக்கப்பட்டும் விடுபட்டும் வந்த ஒருவர் உலகக் கோப்பையில் முதன்முறையாக ஆடியதே தவிர, திடீர் அறிமுகம் அன்று.