பத்துக்குப் பத்து போதாது!

அம்பாசமுத்திரம் பக்கம் புறவாசலில் தகரக் கொட்டகை போடக் கேட்டால், போகிற பட்டறையிலெல்லாம் ஒரே பதில்: “பத்துக்குப் பத்து போதும் அண்ணாச்சி.” உள்ளே என்ன வைக்கப்போகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பற்றிக்கொண்டு வருகிறது!

100 சதுர அடியில் நடக்க 3 அடி அகல வழி விட்டாலே 30 சதுர அடி போய்விடும். கதவு உள்பக்கம் திறந்தால் அந்த மூலையும் வீண். நெல் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்க முடியுமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிவிடாதா? அதற்கும் இடைவெளி வேண்டும். 12 அடி ஏணியைக் குறுக்காகக் கிடத்தினால்தான் கதவையே மூட முடியும். பிறகு வழி ஏது? மண்வெட்டியும் மருந்துத் தெளிப்பானும் தேங்காயும் வெளியே நனையவா?

முதலில் பொருளை அளந்து பாருங்கள் ஐயா, விலையை அப்புறம் பேசலாம்!