எங்கட பிள்ளையளின்ர நாக்கில என்ன குறை?

மகள் இண்டைக்கும் ஆங்கில ரியூசனால அழுதுகொண்டு வந்தாள். ‘ஃபான்’ எண்டு சொல்ல வெளிக்கிட்டுப் ‘பான்’ எண்டு வந்திட்டுதாம், வகுப்பே சிரிச்சதாம். எத்தினை தரம்தான்? போன கிழமையும் இதே கூத்து. கிளிநொச்சிப் பிள்ளை எண்டா இளக்காரமோ?

தமிழில மெய்யெழுத்து 18, ஆங்கிலத்தில மெய்யொலி 24. இல்லாத ஒலி தானா வருமோ? மேல்பல்லைக் கீழுதட்டில வைச்சுக் காத்தை விடு எண்டு ஒரு வசனம் சொல்லிக் குடுக்க ஏலாது, சிரிக்க மட்டும் ஏலும்! ‘நைஃப்’ எழுத முன்னுக்கு ஒரு ‘கே’, அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அது ஆற்ற பிழை?

‘வெற்றி’ எண்டு நாங்கள் சொல்லேக்க நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற முரசில படுதே, ஆங்கில ‘ரி’ (T) எழுத்தின்ர ஒலியும் அங்கதான் பிறக்குது. அதை ஏன் ஒருத்தரும் பிள்ளைக்குச் சொல்லுறேல்லை?