குரைப்பது மணி, மானம் போவது எனக்கு

எங்கள் மணி சிப்பிப்பாறை இன நாய். வீட்டுக்குள் பச்சைப்பிள்ளை. வேளச்சேரித் தெருவில் இறங்கி இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று ஊரைக் கூட்டிவிடுவான். மாடியிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். உடனே சங்கிலியைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, சுண்டி இழுத்து, "சும்மா இரு"ன்னு கத்துவேன்.

ஒரு வருஷம் இதைத்தான் செய்தேன். நான் அடக்கப் பார்த்தது அவன் குரைப்பையா, என் வெட்கத்தையா?

அவிழ்த்துவிட்ட நாய் பயந்தால் விலகி ஓடும், இல்லை வளைந்து போய் மோந்து பார்க்கும். கட்டியிருக்கும் நாய்க்கு இரண்டும் முடியாது. குரைத்து விரட்டத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் கழுத்தும் வலித்தால், எதிரே வரும் நாயால்தான் வலி என்று பதிந்துவிடும். இழுத்தால் கழுத்தை நெரிக்கும் இறுக்குச் சங்கிலியைப் போடச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே இதில்தான். உறுமினால் அடி என்று பழகிய நாய், உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

இப்போது நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டை), தளர்ந்த கயிறு, இடுப்புப் பையில் வேகவைத்த கோழி ஈரல். (பை நாறும், பழகிவிடும்.) மணியிடமிருந்து 30 அடி தள்ளி இன்னொரு நாய் நின்றால் காது மட்டும் விறைக்கும், குரைக்க மாட்டான். அந்தத் தூரத்தில்தான் வேலை. அவன் அந்த நாயைப் பார்க்கட்டும். பார்த்த பிறகு ஈரல். முதலில் ஈரலை நீட்டினால் அதையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். வாயை இறுக மூடி முறைத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். குரைக்க ஆரம்பித்துவிட்டால் பாடமெல்லாம் ஏறாது, பேசாமல் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

சரி, நம்ம தெருவில் 30 அடிக்கு எங்கே போவது? ஒவ்வொரு முக்கும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் ராஜ்ஜியம். கருத்தடை செய்தாலும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதிகள். ஒரு விதத்தில் அது எனக்கு வசதி: டீக்கடைச் செவலை என்றைக்கும் டீக்கடையில்தான். அதனால் காலை 5 மணிக்கே கிளம்பி, அந்த முக்கைச் சுற்றிக்கொண்டு போகிறேன். நிற்கும் கார், ஆட்டோ எல்லாம் எங்களுக்கு மறைப்பு. ஒருநாள் பெரிய ரகளை ஆகிவிட்டால் மறுநாள் வெளியே கூட்டிப்போவதில்லை. மொட்டை மாடியில் ஈரலை ஒளித்துவைத்துத் தேடவிடுவேன்.

ஐந்து மாதத்தில் 30 அடி 15 ஆகியிருக்கிறது. நேற்று செவலை எதிரே வந்தபோது மணி அதைப் பார்த்தான், அப்புறம் என் இடுப்புப் பையைப் பார்த்தான். மாடியிலிருந்து யாரோ பார்த்தார்களா என்று கவனிக்க மறந்துவிட்டேன்.