கம்ப்யூட்டர் ஆளைத் தேடாதீங்க, டிவி மெக்கானிக்கைத் தேடுங்க

உங்கள் வீட்டுப் பரணில் எண்பதுகளின் ஹோம் கம்ப்யூட்டர் ஏதாவது கிடந்து, ஓட்டிப் பார்க்கலாமே என்று ஆசை வந்தால், தயவுசெய்து என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளிடம் கேட்காதீர்கள். தெருவில் இன்னும் ஷட்டரை இறக்காத டிவி மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இருபத்திரண்டு வருஷமாக கோடு எழுதிச் சம்பளம் வாங்குபவன் சொல்கிறேன்.

என் மாமா கப்பல்காரர், இன்ஜின் ரூமில் வேலை. 1985-இல் இங்கிலாந்து போய்த் திரும்பியபோது ராயபுரம் வீட்டுக்கு ஒரு சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கொண்டுவந்தார். பார்ப்பதற்குக் கறுப்பாக ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரே அந்தக் கீபோர்டுக்குள்தான். இசட்80 பிராசஸர், 48 கேபி மெமரி. திரைக்கு நம் வீட்டு டிவி, புரோகிராமைச் சேமிக்க நம் வீட்டு டேப் ரெக்கார்டர். பாதித் தெரு கூடிவிட்டது. மாமா ஒயரை எங்கள் கறுப்பு-வெள்ளை டிவியில் மாட்டி, சேனல் குமிழை ஒரு சுற்று திருப்பினார். எல்லா சேனலிலும் புள்ளி புள்ளியாகக் கொசுதான் பறந்தது.

விடாமல் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கும் எடுத்துப்போனார். எந்த சென்டர் என்பது வேண்டாம். "இது விளையாட்டு சாமான் சார், கம்ப்யூட்டரே இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பலில் போனவரை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அத்தைக்கு அது 'டுபாக்கூர் பொட்டி'. மாமா காலமாகி மூன்று வருஷம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது, காயலான் கடைக்காரர் பழைய மிக்ஸியோடு சேர்த்து அதைத் தராசில் வைத்துவிட்டார். நான் குறுக்கே போய் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அசல் அடாப்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. அடியில் 9 வோல்ட் டிசி என்று போட்டிருந்தது. வீட்டில் ஒரு பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டர் இருந்தது, முனையும் கச்சிதமாகப் பொருந்தியது. சொருகினேன். லேசாக 'உம்' என்று ஒரு சத்தம் வந்து, பிறகு எதுவும் இல்லை. ஸ்பெக்ட்ரமுக்கு அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ், வெளிவளையத்தில் பாசிட்டிவ். இன்றைக்கு வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். அதாவது, அத்தனை வருஷம் பரணில் உப்புக்காற்றைத் தின்றுகொண்டு உயிரோடு இருந்த மெஷினை ஒரு நொடியில் சாகடித்தது படித்த நான்தான்.

டி.எச். ரோடு பக்கம் ஒரு சந்தில் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டயனோரா, சாலிடேர் டிவி காலத்திலிருந்து அதே மேஜை, அதே ஸ்டூல். "இன்னா தம்பி, கீபோர்டு மட்டும் எடுத்தாந்திருக்க, பொட்டி எங்க?" என்றார். இதுதான்ணா பொட்டி என்றேன். ஸ்குரூவைக் கழற்றி, மூடியை ஜாக்கிரதையாகத் தூக்கினார். போர்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு சால்டரிங் அயர்ன் முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். "இத பாரு. 4.43 கிரிஸ்டல். கலர் டிவில இருக்கறது. இது டிவிக்கு வேலை செய்ற பொருள்பா."

எனக்கு அங்கேதான் உறைத்தது. இந்த மெஷினில் பாதி, டிவி சிக்னல் தயாரிக்கிற வேலை. 4.43 மெகாஹெர்ட்ஸ் என்பது 'பால்' (PAL) என்ற கலர் டிவி முறையின் நிற அலைவரிசை. இங்கிலாந்திலும் அதுதான், தூர்தர்ஷன் 1982 ஆகஸ்ட் 15-இல் கலருக்கு மாறியபோது நம்மூரிலும் அதுதான். அதே 1982 ஏப்ரலில்தான் முதல் ஸ்பெக்ட்ரமும் வெளிவந்தது. அதை விற்ற கிளைவ் சின்க்ளேரே ரேடியோ ஆள். 1961-இல் சின்க்ளேர் ரேடியானிக்ஸ் ஆரம்பித்து, தபாலில் ரேடியோ கிட் விற்றவர். 1977-இல் கையடக்க டிவி போட்டார். கம்ப்யூட்டரெல்லாம் அதற்குப் பிறகு.

மாமாவின் கொசுவுக்கும் அண்ணன் ஐந்தே நிமிஷத்தில் விடை சொல்லிவிட்டார். இது படத்தை யூஎச்எஃப் 36-ஆம் சேனலில் அனுப்புகிறது. எங்கள் டிவியில் இருந்தது விஎச்எஃப் டியூனர் மட்டும், அந்த அலைவரிசையை அதனால் பிடிக்க முடியாது. "உங்க மாமா இன்னிக்கு வரைக்கும் திருப்பினு இருந்தாலும் வந்திருக்காது." மெஷினில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை! அன்றைக்கு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன கால்கள் நாலு கடை தள்ளி ஒரு டிவி கடைக்குப் போயிருந்தால், எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் 'பேசிக்' (BASIC) புரோகிராமிங் கற்றிருப்பார்கள். எனக்கு இன்னும் அந்த எரிச்சல் தீரவில்லை.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஒரு விதி உண்டு: சப்ளையைப் பார்க்காமல் வேறெதையும் தொடக்கூடாது. மீட்டரை வைத்தார். 7805 ரெகுலேட்டரிலிருந்து 5 வோல்ட் வருகிறது. ஆனால் இந்த போர்டில் 16 கேபி அளவுக்கு 4116 என்ற பழைய மெமரி ஐசி எட்டு இருக்கிறது. அதற்கு 5 மட்டும் போதாது, 12-உம் மைனஸ் 5-உம் வேண்டும். அவற்றை ஒரு சின்ன காயிலும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் சேர்ந்து உண்டாக்குகின்றன. டிஆர்4 ஷார்ட். என் ரவுட்டர் அடாப்டரின் கைங்கரியம். டேட்டாஷீட் பார்த்து ஈடான ஒன்றைப் போட்டார். வீங்கியிருந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களையும் மாற்றினார். பின்பக்கக் கனெக்டரில் ஏறியிருந்த பச்சைக் களிம்பை ஆல்கஹாலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தது மட்டும் நான்.

படத்துக்கு, வீடியோவை டிவி சேனலாக மாற்றுகிற மாடுலேட்டரைத் தாண்டி வீடியோவை நேராக வெளியே எடுத்தோம். "கேபிள்காரன் வச்சிருந்தானே, அதே மாடுலேட்டர்தான். இத தாண்டிட்டா ஏவி ஆய்டும்" என்று ஒரு கண்டென்சர் வழியாக ஒயரை இழுத்து விட்டார். இதையே பெரிய சாகசமாக 40 நிமிஷ வீடியோ போட்டவர்களை எனக்குத் தெரியும்.

படம் வந்தது. ஆனால் திரை முழுக்க மெல்லிசான செங்குத்துக் கோடுகள். இங்கே மட்டும் என் படிப்பு கொஞ்சம் உதவியது. திரையில் தெரிவது அந்த 16 கேபிக்குள் இருக்கிற தகவல்தான். எட்டு ஐசியும் ஆளுக்கு ஒரு பிட் வைத்திருக்கின்றன. எட்டு புள்ளிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கோடு விழுந்தால், அந்த பிட்டை வைத்திருக்கிற ஐசி போச்சு. காகிதத்தில் கணக்குப் போட்டு, சர்க்யூட் படத்தைப் பார்த்து, எந்த ஐசி என்று கண்டுபிடித்துப் பெருமையாக நிமிர்ந்தேன். அண்ணன் அதற்குள் எட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். "இது ஒண்ணு சுடுது." நான் சொன்னதும் அதே ஐசி. ஒரு 4116 ஆன்லைனில் வாங்கி, சாக்கெட் போட்டு மாட்டினோம்.

பழைய கம்ப்யூட்டர் குரூப்புகளில் சிலர் குதிப்பார்கள், தெரியும். மாடுலேட்டரை மாற்றலாமா, அசல் போச்சே, மதிப்பு குறையுமே என்று. எந்த மதிப்பு? ஓடாத மெஷினை 'விண்டேஜ் அலங்காரப் பொருள்' என்று ஆன்லைனில் விலை வைப்பவர்களுக்கு வேண்டுமானால் அது கவலையாக இருக்கலாம். கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் ஷீட் வருஷம் போகப் போக அப்பளம் மாதிரி நொறுங்கும். புதுசு இன்றைக்கும் தயாரித்து விற்கிறார்கள், வாங்கிப் போட்டேன். அதையும் அசல்தான் வேண்டும் என்று விட்டிருந்தால் தட்ட ஒரு எழுத்தும் இருக்காது.

டேப் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஷினோடு வந்த கேசட்டை மாமா பத்திரமாக வைத்திருந்தார். பூஞ்சை பிடித்திருந்தது, துடைத்தோம். ஜே பட்டனை அமுக்கினால் லோட் என்ற சொல் முழுசாக வந்து விழும். பிறகு இரண்டு மேற்கோள் குறி, என்டர், டேப்பில் பிளே. திரை ஓரத்தில் முதலில் சிவப்பும் நீலப்பச்சையுமாகப் பட்டைகள் ஓடும், பிடித்துக்கொண்டால் நீலமும் மஞ்சளும். எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. அண்ணன் டேப் ரெக்கார்டர் ஹெட்டின் பக்கத்து ஸ்குரூவில் சின்ன ஸ்குரூடிரைவரை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். அந்தக் கீச்சொலி மங்கலிலிருந்து கூர்மையாக ஏறிய இடத்தில் கையை எடுத்தார். அடுத்த தடவை லோடானது. எந்தக் காலேஜிலும் அந்தக் காதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

அவர் கடைக்கு இப்போது வருவதெல்லாம் பிளாட் டிவி. பேனல் போனால் டிவியே போச்சு, இல்லையென்றால் போர்டு மாற்று. விரல் வைத்துச் சூடு பார்க்க அதில் இடமே இல்லை. நாளில் பாதி நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என் பொட்டிக்காக மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் கொடுத்தவர், கூலியாகக் கேட்டதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் கூடுதலாகக் கொடுத்ததற்கு முறைத்தார்.

போன ஞாயிறு அத்தையைக் கூட்டிவந்து காட்டினேன். வெள்ளைத் திரை, அடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்று ஒரே ஒரு வரி. மாமா பெயரைத் திரை முழுக்க ஓட விட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுல சீரியல் வராதா?" என்றார்.

எண்பதுகளில் டெசிபெல்ஸ் கம்பெனி இந்தியாவிலேயே விற்ற டிபி ஸ்பெக்ட்ரம், 1984-இல் கிளாஸ் (CLASS) என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர், கப்பலில் வந்தது, பர்மா பஜாரில் வாங்கியது என்று வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், காசிமேடு பக்கம் யார் வீட்டிலாவது எது கிடந்தாலும் காயலான் கடைக்குப் போடுமுன் கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணனிடம் நானே கூட்டிப்போகிறேன். பிபிசி மைக்ரோ என்றால் நேராக கரண்டில் போடவே போடாதீர்கள், அதன் பவர் சப்ளையில் இருக்கும் பழைய பேப்பர் கண்டென்சர் புகைந்து வீட்டையே நாறடிக்கும். வேறு எதுவாக இருந்தாலும் தூசி தட்டி, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அடாப்டரை மட்டும் நீங்களாகச் சொருகிப் பார்க்காதீர்கள்.