துரத்தி வரும் பனி

உலகம் முழுவதும் ஒரே நாளில் உறைந்துபோவதாகக் காட்டும் தொலைக்காட்சிப் பேரழிவுப் படம் ஒன்றை நேற்றிரவு பார்த்தேன். குறைந்த செலவில் எடுத்திருக்கிறார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். நாயகனின் தோளில் விழுந்த பனி, அவர் நெருப்பருகே அமர்ந்து நெடுநேரம் பேசிய பிறகும் உருகாததையும், மைனஸ் 60 டிகிரி என்று அலறும் காட்சியில் ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வராததையும் மன்னித்துவிடலாம். நாயகன் தொப்பி அணியாததற்குக் காரணம் வெளிப்படை; முகம் தெரிய வேண்டுமே.

என்னால் ஏற்க முடியாதது, குளிரை ஒரு மிருகமாக்கியதுதான். உறைபனி சாலையில் ஊர்ந்து வந்து காரைத் துரத்துகிறது. கதவைச் சாத்தினால் வெளியே நின்றுவிடுகிறது. வானுயரத்துக் கடுங்குளிர்க் காற்று திடீரெனத் தரையிறங்கியதே காரணம் என்கிறார் படத்து விஞ்ஞானி. கீழிறங்கும் காற்று அழுத்தத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும் என்பதால், 10 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 50 டிகிரியில் இருந்த காற்று தரைக்கு வந்து சேரும்போது நமக்குப் போர்வை தேவைப்படாது, விசிறிதான் தேவைப்படும். ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கைச் சுற்றிய நிலப்பகுதிகள் மீண்டும் கடுங்குளிருக்குத் திரும்பியதுகூட ஒரே இரவில் நிகழ்ந்ததன்று.

உண்மையான குளிர் துரத்துவதில்லை, காத்திருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் நடுக்கத்தோடு நாக்கு குழறத் தொடங்கும், முடிவெடுக்கும் திறன் மங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது நடுக்கமே நின்றுவிடும். சிலர் அந்த நிலையில் உடல் கொதிப்பதாக உணர்ந்து, போட்டிருக்கும் ஆடைகளைத் தாமே களைந்துவிடுகிறார்கள். இதைவிடத் திகிலான காட்சியை எந்தக் கணினி வரைகலையாளரால் உருவாக்க முடியும்?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரோடு மின்சாரமும் நின்றபோது, அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். பலர் தம் வீட்டுக்குள்ளேயே உடல் வெப்பம் இழந்து இறந்தனர். சூடு தேடி மூடிய இடத்தில் கரியை எரித்தும் காரை ஓடவிட்டும், மணமற்ற கார்பன் மோனாக்சைடால் மயங்கி இறந்தவர்களும் உண்டு. நம் படத்திலோ சன்னல்களையெல்லாம் அடைத்த அறையில் நாற்காலிகளை உடைத்து எரித்துவிட்டு, எல்லோரும் புத்துணர்ச்சியோடு எழுந்து வருகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒரு மூதாட்டி தன் கோட்டின் மேல் பொத்தானைப் போட முயல்கிறார். விரல்கள் மரத்துப்போனதால் பொத்தான் துளையைத் தேடித் தேடி நழுவுகிறது. அவர் தன் கையையே அந்நியருடையதைப் போல உற்றுப் பார்க்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் காட்சி மாறி, எங்கோ ஒரு ஹெலிகாப்டர் வெடித்துச் சிதறியது.